பெர்னி ஆர்ம்ஸ்: சாலையே இல்லாத இடத்தில் ரயில் எதற்கு நிற்கிறது?

கேள்வி, 11 ஜனவரி 2025

இங்கிலாந்து ரயில் நிலையங்களின் பயணிகள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2019–20 கணக்கில் நாட்டிலேயே கடைசி இடம் நார்ஃபோக்கில் உள்ள பெர்னி ஆர்ம்ஸுக்கு. வருடம் முழுக்க 42 பேர். வரைபடத்தில் தேடினால் சுற்றிலும் பச்சை, நடுவில் ஒரு கோடு. சாலை இல்லை, ஊரும் இல்லை. இதை மூடிவிட்டு, அந்தப் பணத்தைக் கூட்டம் பிதுங்கும் வழித்தடங்களில் போட்டால் என்ன? அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

11 ஜனவரி, இரவு

நாரிச்சில் இருக்கிறேன், அதனால் நான் ஆரம்பிக்கிறேன். அந்த 42-ஐ வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். சிக்னல் மாற்றும் வேலைக்காக, இந்த நிலையம் இருக்கும் ரீடம்–யார்மத் பாதையை 2018 அக்டோபரில் மூடினார்கள். திரும்பத் திறந்தது 2020 பிப்ரவரி கடைசியில். கணக்கு வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஆக அந்த வருடத்தில் அங்கே ரயில் ஓடியதே ஐந்து வாரம்தான். அதிலும் கடைசி வாரம் கொரோனா ஊரடங்கு. பதினோரு மாதம் பூட்டிக் கிடந்த கடையின் கல்லாவை எண்ணிவிட்டு வியாபாரம் சரியில்லை என்று சொல்வது போலத்தான் இது.

அடுத்த வருடக் கணக்கைப் பாருங்கள். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020–21-இல் பெர்னி ஆர்ம்ஸ் 300-ஐத் தாண்டியது. அதே வருடம் நாட்டில் சில நிலையங்களுக்குப் பூஜ்ஜியம்.

11 ஜனவரி, இன்னும் கொஞ்சம் கழித்து

இன்னொன்று விட்டுப்போச்சு. 42 என்பது 42 ஆள் இல்லை. ஏறியது ஒன்று, இறங்கியது ஒன்று என்று தனித்தனியாக எண்ணுவார்கள். காலையில் போய் மாலையில் திரும்பியவர் இரண்டாகக் கணக்கில் வருவார். ஆகவே இருபத்துச் சொச்சம் பேர்தான். உங்கள் வாதத்துக்கு இது இன்னும் வலு என்று சொல்வீர்கள். சொல்லுங்கள்.

ஆனால் அங்கே நின்று தலையை எண்ணுவது யாரும் இல்லை. விற்ற டிக்கெட்டை வைத்துப் போடும் மதிப்பீடுதான். நாள் முழுக்க எங்கும் சுற்றலாம் என்ற பாஸ் எடுத்தவர் எங்கே இறங்கினார் என்று யாருக்குத் தெரியும்? யார்மத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு நடுவில் இங்கே இறங்கி மீதியை நடந்தே போகிறவர்கள் உண்டு. நானே அப்படிப் போயிருக்கிறேன். அந்த எண் யார்மத் கணக்கில் போய் விழுந்திருக்கும்.

12 ஜனவரி

"சரி, எண்ணை விடுங்கள். ஊரே இல்லாத இடத்தில் நிலையத்தை யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள்?" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கதை அங்கேதான் இருக்கிறது.

நார்ஃபோக்கின் முதல் ரயில் பாதை யார்மத்–நாரிச் பாதை. 1844 மே 1-ஆம் தேதி பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கம்பெனித் தலைவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன், பொறியாளர் அவர் மகன் ராபர்ட். யேர் ஆற்றைத் தாண்ட இரண்டு பாலம் கட்டுவதைவிட ஆற்றையே நகர்த்திவிடலாம் என்று தோர்ப் பக்கம் புதுக் கால்வாய் வெட்டி ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். அந்தக் காலத்துத் துணிச்சல்.

ரீடம் தாண்டினால் சதுப்புதான். ஹால்வர்கேட் சதுப்பு. மேடு பள்ளம் இல்லாத நிலம் என்பதால் தண்டவாளத்தைக் கிட்டத்தட்ட நேர்கோடாகப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நிலத்தில் ஒரு பகுதி தாமஸ் டிரெஞ்ச் பெர்னி என்ற நிலக்கிழாருடையது. நிலத்தைத் தருகிறேன், ஆனால் என் நிலத்தில் ஒரு நிலையம் கட்டி அதை என்றைக்கும் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். கம்பெனி ஒத்துக்கொண்டது. பக்கத்தில் ஆற்றங்கரையில் இருந்த, அந்தக் குடும்பத்தின் பேரைத் தாங்கிய மதுக்கடையின் பெயரையே நிலையத்துக்கும் வைத்தார்கள்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. கொஞ்ச வருடம் ஓட்டிப் பார்த்தார்கள். ஆள் ஏறவில்லை. உடனே ரயில்கள் அங்கே நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பெர்னி கேட்டதற்குக் கம்பெனி சொன்ன பதில்: "நிலையம் வைத்திருப்போம் என்றுதான் ஒப்பந்தம். வைத்திருக்கிறோமே. ரயில் நிற்கும் என்று எங்கே எழுதியிருக்கிறது?"

வக்கீல்கள் வந்தார்கள், சண்டை வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் சமரசமாகி, வாரத்தில் சில நாட்களாவது ரயில் நிற்கும் என்று முடிந்தது.

12 ஜனவரி

அந்தப் பதிலை யோசித்த கம்பெனி வக்கீல் மேல் மரியாதை வருகிறது என்றவருக்கு: ஆமாம், எனக்கும் கொஞ்சம் உண்டு.

15 ஜனவரி

பெர்னியின் ஒப்பந்தம் இன்றைக்கும் செல்லுமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். "அந்தக் கிழவர் போட்ட கையெழுத்தால்தான் இன்றுவரை மூட முடியவில்லை" என்று சுற்றுலாத் துண்டுப் பிரசுரம் தொனியில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காகிதம் ரயிலை நிறுத்த வைக்கவில்லை என்பது 1850-களிலேயே தெரிந்துபோன விஷயம். நிலையத்தைக் காப்பாற்றி ரயிலைக் கோட்டைவிட்ட ஒப்பந்தம் அது.

இப்போது காப்பாற்றுவது சட்டத்தின் சோம்பல். பிரிட்டனில் பயணிகள் நிலையத்தை நினைத்தபடி மூட முடியாது. பொது அறிவிப்பு, மக்கள் கருத்து, ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் என்று படிப்படியாகப் போக வேண்டும். எதிர்ப்பவர்கள் நாலு பேர் வந்தாலும் பேப்பரில் வந்துவிடும். அதைவிட வாரத்துக்கு ஒரு ரயிலை ஓட்டிவிடுவது மலிவு. இந்த மாதிரி பேருக்கு ஓடுகிறவற்றைப் 'பார்லிமென்ட் ரயில்' என்பார்கள். அந்தப் பெயரின் மூலமும் 1844 சட்டம்தான், பெர்னி ஆர்ம்ஸுக்கு அதே வயது. ஆனால் அந்தச் சட்டம் ஏழைகளுக்கு நல்லது செய்ய வந்தது: தினமும் ஒரு ரயிலாவது, மைலுக்கு ஒரு பென்னி, மூன்றாம் வகுப்புக்கும் மேலே கூரை. இன்றைக்கு அதே பெயரை யாருக்கும் பயன்படாத ரயிலுக்கு வைத்திருக்கிறார்கள்.

உதாரணம் வேண்டுமென்றால் மான்செஸ்டர் பக்கம் டென்டன். சனிக்கிழமை மட்டும் போக ஒன்று, வர ஒன்று. 2023–24 பட்டியலில் கடைசி, 54. அதற்கு முந்தைய வருடம் டீசைடு ஏர்போர்ட்: 2. தப்பாகப் படிக்கவில்லை, இரண்டுதான். நடைமேடையின் நிலை சரியில்லை என்று 2022 மேயில் ரயிலை நிறுத்திவிட்டார்கள், நிலையம் மட்டும் பட்டியலில் தொடர்ந்து இருக்கிறது. பெர்னியிடம் கம்பெனி சொன்ன அதே பதில், நூற்றெழுபது வருடம் கழித்து.

பெர்னி ஆர்ம்ஸை இந்த வகையில் சேர்க்க எனக்கு மனமில்லை. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

19 ஜனவரி

நாளைக்கு என்றேன், நாலு நாள் ஆகிவிட்டது.

சேவையைப் பற்றி. நாரிச்சிலிருந்து யார்மத்துக்கு இரண்டு வழி. ஒன்று பிரண்டலில் பிரிந்து ஏக்கிள் வழியாகப் போவது, 1883-இல் வந்தது, தூரம் குறைவு. பெரும்பாலான வண்டிகள் அதில்தான் போகும். இன்னொன்று 1844-இன் பழைய பாதை, ரீடம் வழி. இதில் ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். ரீடத்துக்கும் யார்மத்துக்கும் நடுவே சுமார் 8 மைல் ஒற்றைத் தடத்தில் இருக்கும் ஒரே நிலையம் பெர்னி ஆர்ம்ஸ்.

கவனிக்க வேண்டியது: இங்கே ஞாயிற்றுக்கிழமைதான் வண்டி அதிகம், வார நாட்களில் குறைவு. வேலைக்குப் போகிறவனுக்கு ஏற்படுத்திய டைம்டேபிள் இல்லை, நடக்க வருகிறவனுக்கும் பறவை பார்க்க வருகிறவனுக்கும் போட்டது. டென்டன் ரயிலில் போனால் அன்றைக்கு உருப்படியாக எதுவும் செய்ய முடியாது. இங்கே ஞாயிறு காலையில் இறங்கி, நாலைந்து மணி நேரம் சுற்றிவிட்டு, மாலையில் திரும்பலாம். பேருக்கு ஓட்டுவது வேறு, வருகிற நாலு பேருக்குத் தோதாக ஓட்டுவது வேறு. நான் இதைப் பார்லிமென்ட் ரயில் என்று சொல்லாததற்குக் காரணம் அதுதான்.

அதே வழியில் ரீடத்துக்கு முன்னால் பக்கனம் என்று ஒன்று உண்டு. அதுவும் வாரக் கடைசிக்காரர்களின் நிலையம்தான். அங்கே சாலை இருக்கிறது, ஆகவே யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

19 ஜனவரி, மாலை

எப்படி இறங்குவது என்று கேட்டவருக்கு: இறங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கார்டிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வண்டி நிற்காது. நடைமேடை ஒரு பெட்டிக்கு மேல் பிடிக்காது. எந்தக் கதவு திறக்கும் என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் நண்பர் ஒருவர் சொல்வதைச் சொல்லிவிட்டு வேறு பெட்டியில் வசதியாக உட்கார்ந்து தூங்கிப்போனார். நான் இறங்கி நின்று பார்க்கிறேன், கண்ணாடிக்குப் பின்னால் அவர் தலை சாய்ந்தபடி யார்மத்துக்குப் போகிறது. அங்கே மீனும் சிப்ஸும் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். நான்தான் மாடுகளுடன் நின்றுகொண்டிருந்தேன்.

22 ஜனவரி

"மாடுகளா?" என்று கேட்டவருக்கு: ஆம். சதுப்பு என்றதும் சேறும் நாணலுமாகக் கற்பனை செய்ய வேண்டாம். வாய்க்கால் வெட்டி நீரை வடித்த மேய்ச்சல் நிலம் அது. வேலிக்குப் பதில் வாய்க்கால்கள். கோடையில் மாடு மேயும், குளிர்காலத்தில் வாத்துகள் வந்து இறங்கும்.

நிலையத்திலிருந்து மேய்ச்சல் நிலம் வழியே அரை மைல் போல நடந்தால் காற்றாலை. ஏழு மாடி, 70 அடி உயரம், நார்ஃபோக்கில் இதைவிட உயரமான வடிகால் ஆலை இல்லை. ஆனால் அதைக் கட்டியது தண்ணீர் இறைக்க இல்லை, சிமென்ட் அரைக்க. 1860-களில் அங்கே ஒரு சிமென்ட் தொழிற்சாலை இருந்தது. சுண்ணாம்புப் பாறை வெர்ரி என்ற பாய்மரச் சரக்குப் படகுகளில் வரும், ஆற்றுப் படுகையிலிருந்து சேறு எடுப்பார்கள். இரண்டையும் சுட்டு எடுத்த கட்டியை இந்த ஆலையில் பொடியாக்குவார்கள். 1880-களில் சிமென்ட் நின்றது, ஆலையை நீரிறைக்க மாற்றினார்கள். 1948 வரை இறைத்தது.

கேள்வி கேட்டவர் "ஊரே இல்லை" என்றார் அல்லவா? இன்றைக்கு இல்லை. ஒரு காலத்தில் தொழிற்சாலை, தொழிலாளர் வீடுகள், மதுக்கடை, ரயில்வே குடியிருப்பு, அதற்குள் ஒரு தபால் நிலையம் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகப் போயின. மதுக்கடைகூடச் சில வருடங்களுக்கு முன் மூடிவிட்டது. நிலையம் ஊரைத் தாண்டி உயிரோடு இருக்கிறது.

2 பிப்ரவரி

இழை எங்கெங்கோ போய்விட்டது. ஸ்விண்டன் கதையைக் கேட்டவருக்கு இரண்டு வரி: ரயில் நின்றாக வேண்டும் என்று ஒழுங்காக எழுதி வாங்கிய ஒப்பந்தமும் உண்டு. ஸ்விண்டனில் உணவு விடுதி நடத்தியவர்கள், எல்லா ரயிலும் அங்கே பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்று 1841-இல் எழுதி வாங்கினார்கள். அங்கத்து ரயில் கம்பெனி பல்லைக் கடித்துக்கொண்டு 1895 வரை நிறுத்தியது. பின்னர் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்து அந்த உரிமையை விலைக்கு வாங்கி விடுதலை ஆனது. பெர்னியின் வக்கீல் அங்கே போய்ப் பாடம் படித்திருக்கலாம்.

2 பிப்ரவரி, இரவு

தந்தி பற்றி யாரோ கேட்டிருந்தார்களே. நானே எழுத நினைத்து மறந்தது.

இந்தப் பாதை ஒற்றைத் தடமாகத் திறந்தது. எதிரும் புதிருமாக இரண்டு வண்டி ஒரே தடத்தில் வந்துவிட்டால்? அதற்கு வில்லியம் குக் என்பவர் மின் தந்தியைக் கொண்டு வழி சொன்னார். அடுத்த நிலையம் வரை தடம் காலியா இல்லையா என்று கருவி காட்டும், காலி என்றால்தான் வண்டியை விடுவது. ரயிலின் ஓட்டத்தைத் தந்தி வைத்து இப்படிக் கட்டுப்படுத்துவதற்கு முன்னோடியாக 1844-இல் ஓடியது இந்தச் சதுப்புக்காட்டுப் பாதைதான்.

முப்பது வருடம் கழித்து, 1874 செப்டம்பர் 10 இரவு, அதே பாதையில் நாரிச்சுக்குப் பக்கத்தில் தோர்ப்பில், மழையில், இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. 25 பேர் செத்தார்கள். லண்டனிலிருந்து வந்த எக்ஸ்பிரஸ் தாமதம். பிரண்டலில் காத்திருந்த தபால் வண்டியை முதலில் வரச் சொல்லலாமா, எக்ஸ்பிரஸை முதலில் அனுப்பலாமா என்ற குழப்பம். வரச் சொல்லும் தந்தி அதிகாரியின் கையெழுத்து இல்லாமலே போய்விட்டது. அது தெரியாமல் இந்தப் பக்கம் எக்ஸ்பிரஸையும் கிளப்பிவிட்டார்கள். திருத்தித் தந்தி கொடுக்கும்போது தபால் வண்டி பிரண்டலை விட்டிருந்தது. இரண்டு வண்டியும் மோதப்போகிறது என்று தெரிந்தும் நிறுத்த ஒரு வழியும் இல்லை. அடுத்த சில நிமிடங்கள் அந்த அலுவலகத்தில் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது.

இதற்குப் பிறகுதான் எட்வர்ட் டையர் 1878-இல் டேப்லெட் கருவியைக் கொண்டுவந்தார். ஒரு வட்டத் தகடு. அது கையில் இருந்தால்தான் ஓட்டுநர் ஒற்றைத் தடத்தில் நுழையலாம். ஒரு முனையில் ஒரு தகட்டை எடுத்துவிட்டால், அதைத் திரும்பக் கருவிக்குள் போடும்வரை இரண்டு முனையிலும் இன்னொன்று வெளியே வராது. வாய்ச் சொல், கையெழுத்து, ஞாபகம் எதையும் நம்ப வேண்டியதில்லை. உலகம் முழுக்கப் போனது, இந்தியாவிலும் ஒற்றைத் தடங்களில் இந்த முறையிலேயே ஓட்டினார்கள்.

9 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "கதை எல்லாம் சரி, பணத்துக்குப் பதில் சொல்லவில்லையே" என்கிறார். நியாயம்தான்.

வண்டி எப்படியும் யார்மத்துக்குப் போகிறது. நடுவில் நிற்பதற்கு ஓரிரு நிமிடமும் கொஞ்சம் டீசலும்தான் செலவு. யாரும் கேட்காத நாளில் அதுவும் இல்லை. நடைமேடையும் ஒரு பெயர்ப் பலகையும் பராமரிக்க என்ன ஆகிவிடும்? நிலையத்தை மூடினால் மிச்சமாவது ஒன்றுமில்லை என்றே சொல்வேன்.

10 பிப்ரவரி

நேற்று எழுதியதைக் காலையில் திரும்பப் படித்தேன். பாதி உண்மைதான் அது. செலவு நிலையத்தில் இல்லை, பாதையில். மெத்து நிலத்தில் 8 மைல் தடத்தைச் சமன் குலையாமல் வைத்திருப்பது சும்மா ஆகாது. நிலையத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு "மலிவு" என்பது, கேள்வியை எனக்குத் தோதாகச் சுருக்கிக்கொள்வதாகும்.

ஏக்கிள் பாதையில் ஏதாவது ஆனால் இதுதான் மாற்றுப் பாதை என்று ஒரு வாதம் உண்டு. நானும் வேறு இடத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் 2018-லிருந்து 2020 வரை ஒன்றேகால் வருடத்துக்கு மேல் இந்தப் பாதை மூடிக் கிடந்தபோது யார்மத்துக்காரர்கள் ஏக்கிள் வழியாகவே போய் வந்தார்கள். ஊர் நின்றுவிடவில்லை. "அப்படியே மூடி வைத்திருக்கலாமே" என்று நீங்கள் கேட்டால் நான் உடனே பதில் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. மூட வேண்டுமென்றால் அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. சிக்னல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், பாதை ஏற்கெனவே பூட்டியிருக்கிறது. பழைய கைகாட்டி மரங்களைப் பிடுங்கிவிட்டு விளக்குச் சிக்னல் போட்டு, கட்டுப்பாட்டைக் கோல்செஸ்டருக்கு மாற்றி, திரும்பவும் திறந்தார்கள். அந்தப் பணத்தைப் போட்டாகிவிட்டது. இன்றைய தேதியில் மூடினால் அதுதான் வீண்.

10 பிப்ரவரி, இரவு

1963-இல் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் பீச்சிங் 2,363 நிலையங்களை மூடச் சொன்னபோதும் இது தப்பித்தது என்று ஒருவர் சேர்த்திருக்கிறார். ஆம். ஆனால் அதை ஒரு தகுதியாகச் சொல்ல முடியாது. நல்ல கூட்டம் இருந்த எத்தனையோ நிலையங்கள் அப்போது போயின. தப்பித்தது எல்லாம் தகுதியால் தப்பித்ததில்லை.

23 பிப்ரவரி

இன்று போய் வந்தேன். காற்று. வேறு என்ன சொல்ல.

புது வண்டி வந்தபின் ஒரு விநோதம்: மூன்று நான்கு பெட்டி, பெரிய கண்ணாடி, ஏசி, என்ஜினுக்கென்றே நடுவில் ஒரு குட்டிப் பெட்டி. மின்சாரத்திலும் ஓடும் டீசலிலும் ஓடும், இங்கே மேலே கம்பி இல்லாததால் டீசல். அத்தனை பெரிய வண்டி இத்தனூண்டு நடைமேடையில் நின்று, ஒரு கதவைத் திறந்து, ஒரே ஒரு ஆளை இறக்கிவிட்டுப் போகும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் நம்மையே பார்ப்பார்கள். 2019 வரை 1960-களில் செய்த டீசல் என்ஜின்கள் இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. புகைப்படக்காரர்கள் முக்காலியோடு சேற்றில் நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது வருவதில்லை.

திரும்பும்போது கைகாட்டி நிறுத்த வேண்டும். தடம் நேர்கோடு. வண்டியின் விளக்கு மைல் கணக்கில் தூரத்திலேயே தெரிந்துவிடும். எப்போது கையைத் தூக்குவது? சீக்கிரம் தூக்கினால் கை வலிக்கும், தாமதித்தால் வயிற்றில் புளி கரையும். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், பைனாகுலர்காரர், "அவசரப்படாதே, அவனுக்கு நம்மைத் தவிரப் பார்க்க வேறொன்றும் இல்லை" என்றார்.

16 மார்ச்

பைனாகுலர்காரர்களை மேலே ஒருவர் கிண்டல் செய்ததற்காக எழுதுகிறேன். இந்தச் சதுப்பு இன்று இருப்பதற்கே அவர்கள் மாதிரி ஆட்கள்தான் காரணம்.

1980-களில் கோதுமைக்கு நல்ல விலை, அரசு மானியம் வேறு. ஹால்வர்கேட்டில் நீரை இன்னும் வடித்து மேய்ச்சல் நிலத்தை உழுதுவிடலாம் என்று விவசாயிகள் கிளம்பினார்கள். நாடு தழுவிய சண்டை ஆனது. மானியம் கொடுத்து உழச் சொல்வதும் அரசு, இயற்கையைக் காப்பாற்று என்று சொல்வதும் அரசு. கடைசியில் 1985-இல், உழாமல் மாடு மேய்த்துக்கொண்டிருந்தால் ஏக்கருக்கு இவ்வளவு என்று விவசாயிக்கே பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. அது சரிவர, இரண்டு வருடத்தில் நாட்டின் மற்ற பகுதிகளுக்கும் அதே வழி. இன்றைக்கு ஐரோப்பா பக்கம் "சுற்றுச்சூழலுக்காக விவசாயிக்குப் பணம்" என்று பேசுவதற்கெல்லாம் இங்கே ஒரு வேர் உண்டு. 1986-லிருந்து பெர்னி ஆர்ம்ஸைச் சுற்றிய நிலத்தைப் பறவைப் பாதுகாப்புச் சங்கம் வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் கூட்டம் கூட்டமாக வரும். சத்தத்தை வண்டியிலிருந்து இறங்கும்போதே கேட்கலாம்.

அந்த நிலத்துக்குப் பொதுமக்கள் போக ரயில், படகு, கால். இந்த மூன்றுதான். கேள்வி கேட்டவருக்கு என் பதிலும் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. மாற்றுப் பாதை, பெர்னியின் கையெழுத்து எல்லாம் பக்க வாத்தியம். கார் போக முடியாத இடத்துக்கு, கார் இல்லாதவனும் போகிற மாதிரி ஒரு கதவு திறந்திருக்கிறது. அதற்கு ஞாயிற்றுக்கிழமை சில நிமிடம் செலவானால் ஆகட்டும்.

17 மார்ச்

"கால் இருக்கிறதே, நடந்து போகட்டும்" என்ற பதிலுக்கு: போகலாம். யார்மத்திலிருந்து பிரெய்டன் நீர்ப்பரப்பின் கரையோரமாக ஐந்து மைலுக்குக் கொஞ்சம் குறைவு. அருமையான நடை. ஆனால் போய்விட்டுத் திரும்பவும் அதே ஐந்து மைல் நடக்க எல்லாருக்கும் முட்டி ஒத்துழைக்காது. ரயில் இருப்பதால்தான் அது ஒருவழி நடையாகிறது.

30 மார்ச்

பட்டியலில் கடைசி இடம் பிடிப்பதே நிலையத்துக்கு ஆள் சேர்க்கிறது. அதற்குச் சாட்சி, கேம்பிரிட்ஜ்ஷயரில் உள்ள ஷிப்பியா ஹில் நிலையம். 2015–16-இல் 12. நாட்டிலேயே கடைசி. பேப்பரில் வந்தது. அந்த டிசம்பர் 24-இல் டிவி சமையல் போட்டியில் வந்த ஒருவர், அங்கே இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கக் கிறிஸ்துமஸ் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போய் நின்றார். ஒரே வண்டியில் பத்துப் பேருக்கு மேல் வந்து இறங்கிவிட்டார்கள். முந்தைய வருடம் முழுக்க வந்ததைவிட அதிகம். அந்த வருட முடிவில் கணக்கு 156. கடைசி இடம் போய்விட்டது, கூடவே புகழும் போய்விட்டது.

பெர்னி ஆர்ம்ஸ் 42-லிருந்து மேலே வந்ததிலும் இந்தக் கூத்துக்குப் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன். கேள்வி கேட்டவரும் பட்டியலைப் பார்த்துத்தானே வந்தார்.

6 ஏப்ரல்

குழந்தைகளோடு போகலாமா என்று கேட்டவருக்கு. போகலாம், ஆனால் கோடையில், ஞாயிற்றுக்கிழமை. அங்கே கடை இல்லை, கழிப்பறை இல்லை, தண்ணீர் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. எல்லாம் கையில் கொண்டு போங்கள். மாடுகள் கூட்டமாக வந்து முகர்ந்து பார்க்கும், கடிக்காது. சின்னப் பையன்களை வாய்க்கால் ஓரம் ஓடவிடாதீர்கள், ஆழம் வெளியே தெரியாது. திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கும்போதே கார்டிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், அவரும் "நிஜமாகவே இங்கேயா?" என்று கேட்பார், கண்டுகொள்ள வேண்டாம். டைம்டேபிள் மேயிலும் டிசம்பரிலும் மாறும். நான் இங்கே எழுதியதை நம்பி ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை போய் நின்றுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.